சுவரில் எழுதிய பாஸ்வேர்டு

பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரும் எழுதித் தரவில்லை. என் கைதான். இந்த நாலு வாக்கியம் முடிவதற்குள் டீ ஆறிவிட்டது.

போன ஜூன் மாதம் தொழிற்சங்க அறையில் மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் பெண்கள் ஏழு பேர், தோட்டக்காரர் ஒருவர், பிறகு நான். அறுபத்தெட்டு வயதில் அகரத்துக்குச் சுழி போட்டேன். தமிழில் இருநூற்று நாற்பத்தேழையும் முடித்த பிறகு ஆங்கிலத்தில் இருபத்தாறுதான் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய மலை ஏறியவனுக்கு இந்த மேடு எம்மாத்திரம். இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, மாத்திரை அட்டை, லிஃப்டில் ஒட்டியிருப்பது எல்லாம். கழிப்பறைக் கதவில் எழுதியிருந்ததையும் படித்தேன். அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம்.

சந்தோஷத்தைச் சொல்ல மட்டும் எழுதவில்லை கடுகு. எனக்கு ஓர் ஆபத்து வந்திருக்கிறது.

உயிரியல் கட்டடத்தின் கீழ்த்தளத்துக் குளிர் அறையில்தான் இன்னமும் வேலை. பதினொரு ஃப்ரீசர். ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் குறிப்பேன். எண் எனக்கு எப்போதும் தெரியும். அதை வைத்தே இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்துவிட்டார்கள். அது பல்கலைக்கழகத்தின் பூட்டுப் போட்ட வைஃபையில் சேர வேண்டும். அவரவர் பெயரில் அவரவரே சேர்க்க வேண்டும். மார்ச் 15க்குள் சேர்க்காதவர்களுக்கு ஒப்பந்தம் முடியும், குடியிருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டும் என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாளை நானே படித்தேன். அன்று மட்டும் படிக்கத் தெரிந்ததற்கு வருத்தப்பட்டேன்.

குளிர் அறைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையை விட்டால் எனக்குப் போக இடமில்லை என்பது உனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு எழுதச் சொல்கிறது. நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்குகிறேன். வகுப்பில் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே கூடையைக் கவிழ்த்த மாதிரி கிடக்கிறது. அமுக்கினால் எழுத்து வரவில்லை. கறுப்புப் புள்ளி வருகிறது. நான் தப்பாக எழுதுகிறேன் என்று அழித்து அழித்துப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் புள்ளி. ஐந்து தடவைக்குப் பிறகு என்னைப் பூட்டிவிட்டது. கம்ப்யூட்டர் சென்டர் கவுன்ட்டருக்குப் போனேன்.

"எல்லாம் வெப்சைட்ல இருக்கு தாத்தா, பாத்துப் பண்ணுங்க" என்றது அந்தப் பெண்.

"வெப்சைட்டைப் பாக்க வைஃபை வேணுமேம்மா."

"ஆமா."

"அந்த வைஃபைதான் வர மாட்டேங்குது."

"அதுக்குத்தான் வெப்சைட்ல வழி போட்டிருக்கு."

நான் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. கடைசியில் பூட்டை மட்டும் திறந்துவிட்டது. நல்ல பெண்தான்.

நீ ஓர் ஆஸ்பத்திரியில் இப்படிக் கம்ப்யூட்டரை வைஃபையில் சேர்த்துவிடும் வேலைதான் செய்கிறாய் என்று உன் மாமா சொன்னார். முகவரியும் அவர்தான் கொடுத்தார், அவரைத் திட்டாதே. உனக்கு என் மேல் கோபம் என்று தெரியும். கோபத்தோடேயே எழுது. எனக்கு வேறு யாரும் இல்லை.

இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆனது.

உன் அப்பா


பிப்ரவரி 9

இதை எழுதியவருக்கு,

கடிதம் வந்தது. எழுதியது அப்பா என்றால் இந்தத் தொடக்கத்துக்கு மன்னிக்கவும். வழக்கமாக அவருக்குக் கடிதம் எழுதிப் படித்துத் தரும் ஸ்டோர் கிளார்க் என்றால், உங்கள் உதவி போதும், நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பா என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வயிற்றில் இருந்தது தங்கவில்லை என்றும், அதற்குக் கணவர் வீட்டில் என்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தேன். நீங்கள் அதைக் கிளார்க்கிடம் கொடுத்தீர்கள். அவர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே சத்தமாகப் படித்தார். அடுத்த மாதம் நான் வந்தபோது கேன்டீன்காரர் ஒரு டம்ளர் பாலை நீட்டி, "உடம்பைப் பாத்துக்கம்மா, அடுத்தது நிக்கும்" என்றார். பக்கத்து மேசையில் நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

உங்களுக்குப் படிக்கத் தெரியாததற்கு எனக்குக் கோபம் இல்லை. முதல் வரி கேட்டதும் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கியிருக்கலாம். நீங்கள் கடைசி வரை உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள்.

போன் செய்ய வேண்டாம். நீங்கள் கேன்டீன் போனிலிருந்துதான் பேசுவீர்கள். இந்தக் கடிதத்தை வேறு யார் கண்ணிலும் காட்டாமல் படித்தால் மட்டும் பதில் எழுதுங்கள்.

வேலை விஷயம். திரையின் கீழ் மூலையில் விசிறி மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அமுக்கினால் இரண்டு பெயர் வரும். ஒன்று விருந்தாளிகளுக்கு, அதில் பூட்டுப் படம் இருக்காது. பூட்டுப் படம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் உங்களுக்குக் கொடுத்த லாகின் பெயரை முழுதாக எழுத வேண்டும், வட்டத்துக்குள் a போட்ட குறியும் அதற்குப் பின்னால் வரும் பல்கலைக்கழகப் பெயரும் சேர்த்து. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்கள்.

அவ்வளவுதான்.


பிப்ரவரி 16

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதத்தைக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அங்கே அனுமதி இல்லாமல் யாரும் வர முடியாது. குளிர்கோட்டு போட்டுக்கொண்டு இரண்டு நாள் மதியம் படித்தேன். வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசை ஒரு தடவைதான் வலிக்கும் போல. எனக்கு எழுத்துக்கு எழுத்து வலித்தது. "உட்கார்ந்து" என்ற சொல்லை முடிக்கவே ரொம்ப நேரம் ஆனது. அதை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. மறுநாள்தான் போனேன்.

நீ எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் உட்கார்ந்துதான் இருந்தேன். ஏன் என்று சொல்கிறேன், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் படி. தாளைப் பிடுங்கினால் மிச்சத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். நீ உயிரோடு இருக்கிறாயா என்பதே கடைசி வரியில்தான் இருந்தது. அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இனி நல்ல செய்தி. பூட்டுப் படம் உள்ளதைக் கண்டுபிடித்தேன். இத்தனை நாளும் விருந்தாளி வாசலில் நின்று தட்டியிருக்கிறேன். பெயரை முழுதாக எழுதினேன். வட்டத்துக்குள் a போட்ட குறியைத் தேடத்தான் ஒரு மதியம் போனது. பாஸ்வேர்டு புதிதாக வைக்கச் சொன்னார்கள். எட்டு எழுத்தாவது வேண்டும், ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி வேண்டும் என்று நிபந்தனை. உன் செல்லப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, நீ பிறந்த வருஷத்தைப் போட்டு, கடைசியில் ஒரு நட்சத்திரம் வைத்தேன். மறந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தேன், லாகின் பெயரையும் சேர்த்து. இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் அழகான எழுத்து. வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். "சூப்பரா இருக்கு பெரியவரே" என்றாள் ஒருத்தி.

ஆனாலும் கம்ப்யூட்டர் சேரவில்லை. ஏதோ சான்றிதழ், நம்புகிறீர்களா என்று கேட்கிறது. தெரியாதவரை நம்பக் கூடாது என்று இல்லை என்பதை அமுக்கினேன். என் எழுத்தில்தான் பிழையோ என்று சந்தேகம் வந்தது. ஒருவர் அதைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் சேர்ந்துவிட்டது. நான் எழுதியது சரி கடுகு. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அப்பா


பிப்ரவரி 21

அப்பா,

முதலில் சுவரை அழியுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். ஈரத்துணியால் அழியுங்கள், சாக்பீஸ் தடம்கூடத் தெரியக் கூடாது.

அழித்துவிட்டீர்களா?

பாஸ்வேர்டு என்பது எழுதிக்காட்டுவதற்கு இல்லை. அதை மகளுக்கும் எழுதக் கூடாது. நீங்கள் கம்ப்யூட்டரில் எழுதும்போது புள்ளியாகத் தெரிகிறதே, உங்கள் எழுத்து அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பார்க்கக் கூடாது என்று மறைக்கிறது. நீங்கள் பிழையாக எழுதவில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் விட்டுவிட்டேன். புள்ளியைப் பார்த்து யாராவது அழித்து அழித்து எழுதுவார்கள் என்று பத்து வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

சான்றிதழ் என்பது அந்த வைஃபை காட்டும் அடையாள அட்டை. அதில் ஒரு பெயர் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரில் முடிந்தால் சம்மதம் என்று அமுக்குங்கள். வேறு பெயரானால் நீங்கள் செய்ததுதான் சரி. அட்டையைப் படிக்காமல் ஆமாம் போடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் டாக்டர்கள் எல்லாரும் அப்படித்தான்.

இன்னொன்று. கம்ப்யூட்டரையும் பதிவு செய்ய வேண்டும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இரண்டிரண்டாகப் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். அதைத் தாளில் எழுதி அந்தக் கவுன்ட்டர் பெண்ணிடம் கொடுங்கள். உங்கள் பிரச்சினை இங்கேதான் என்று நினைக்கிறேன்.

தபால் போகவர ஆகும் நாளைக் கணக்குப் போட்டால், இதற்குப் பிறகு ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்கும்தான் நேரம் இருக்கிறது. அதனால் யோசித்து எழுதுங்கள்.

தன் போனில் போட்டுப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அந்த ஒருவர்?


மார்ச் 1

கடுகு,

அந்த ஒருவர் ஸ்டோர் கிளார்க்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. அதனால்தான் தாமதம்.

அவர் சரக்குக் கணக்குப் பார்க்க வந்தார். சுவரைப் பார்த்தார். "சரியா இருக்கான்னு என் போன்ல ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா பெரியவரே?" என்றார். நான் போடச் சொன்னேன். யாராவது பார்த்து, எழுதியது சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அது மட்டும்தான் காரணம். உன் பழைய கடிதம் அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே சுவரை அழித்துவிட்டேன். ஸ்டிக்கரில் இருந்த பன்னிரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். கம்ப்யூட்டரைப் பதிந்துகொண்டார்கள், ஆனால் என் கணக்கை மூடியிருக்கிறார்கள். ஒரு மெமோவும் கையில் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு எடுத்தேன், ஐந்து மணிக்குப் படித்து முடித்தேன். என் பெயரில் பத்து நாளாக அளவுக்கு மீறிப் பயன்பாடு நடந்திருக்கிறதாம். முறைகேடு என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. தோட்டக்காரரிடம் பொதுவாகக் கேட்பது மாதிரி அர்த்தம் கேட்டேன். "திருட்டை மரியாதையாச் சொல்றது" என்றார்.

மார்ச் 14ஆம் தேதி விசாரணை. குளிர் அறையிலேயே வைத்து விசாரித்து, அப்போதே கம்ப்யூட்டரையும் சேர்க்கச் சொல்லிப் பார்ப்பார்களாம். துணைப் பதிவாளர் வருகிறார்.

கிளார்க்கிடம் போய்க் கேட்டேன்.

"சினிமா பாத்தேன் பெரியவரே. கொலையா பண்ணேன்? எனக்குக் குடுத்த அளவு முடிஞ்சிபோச்சு, உங்களது சும்மாதானே கிடக்குதுன்னு பாத்தேன்."

"என் வேலை போகுதுங்களே."

"யாரோ திருடிட்டாங்கன்னு சொல்லுங்க, முடிஞ்சிரும். என் பேரை இழுக்காதீங்க. ஜூன்ல ரிட்டயர் ஆகப்போறேன். எத்தனை வருஷம் உங்களுக்குக் கடுதாசி படிச்சிருக்கேன், அதையாவது நெனச்சுப் பாருங்க."

அதைத்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குளிர் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்று பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகுதான், எங்கே போகப் பெட்டி கட்டுகிறோம் என்று தோன்றியது. திரும்ப எடுத்து மாட்டினேன். ஃப்ரீசர்கள் ஓடும் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்தச் சத்தமில்லாத இடத்தில் படுத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

நீ திட்டினாலும் எழுதிவிடு. எழுதாமல் இருந்துவிடாதே.

அப்பா


மார்ச் 5

அப்பா,

மறுபடியும் அவரிடமா? ஒன்பது வருடம் கழித்து, அதே ஆளிடம், என் பெயரையே பாஸ்வேர்டாக வைத்து.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் இன்றைய தபாலைத் தவறவிட்டுவிடுவேன். இதுதான் கடைசிப் பதில், அதனால் வேலை விஷயம் மட்டும்.

ஒன்று. யார் எப்போது உள்ளே வந்தாலும், எந்தக் கருவியிலிருந்து வந்தார்கள் என்று வைஃபைப் பிரிவில் பதிவு இருக்கும். ஒவ்வொரு போனுக்கும் அந்தப் பன்னிரண்டு எழுத்து உண்டு. அவர் போன் அவர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், போதும். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு. புதிய பாஸ்வேர்டு வைக்கச் சொல்வார்கள். என் பெயர் வேண்டாம். என் பிறந்த வருடம் வேண்டாம். எனக்கும் தெரியாத எதையாவது வையுங்கள். எழுதும்போது எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். துணைப் பதிவாளரானாலும் சொல்லுங்கள்.

மூன்று. கீபோர்டின் இடது ஓரத்தில் பெரிய எழுத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. அது மாட்டிக்கொண்டால் எல்லாம் பெரிய எழுத்தாகப் போகும், புள்ளியில் வித்தியாசம் தெரியாது. சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அறையைக் காலி செய்யச் சொன்னால் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்துவிட்டேன். எழுத வரவில்லை, அப்பா. பொய்யாக எழுதுவதைவிட இதைச் சொல்லிவிடுவது மேல்.


மார்ச் 16

அன்புள்ள மகளுக்கு,

நேற்று முன்தினம் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நிறைய எழுத வேண்டும், கை வலிக்கட்டும்.

துணைப் பதிவாளர் வந்தார். வைஃபைப் பிரிவின் தலைவி வந்தார், மடியில் தன் கம்ப்யூட்டரோடு. விசாரணைக் குறிப்பு எழுத ஓர் ஆள் வேண்டும் அல்லவா. ஸ்டோர் கிளார்க்கை அழைத்து வந்திருந்தார்கள். கட்டடத்தில் கையெழுத்து நன்றாக இருப்பது அவருக்குத்தானாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தீங்க?" என்றார் துணைப் பதிவாளர்.

"சுவத்துல எழுதி வெச்சிருந்தேன் சார். எல்லாரும் பாத்தாங்க."

"சுவத்துலயா?"

"இதோ இங்கதான். இப்ப அழிச்சிட்டேன்."

தலைவி அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் நீ சொன்னபடி கேட்டேன். "மேடம், என் பேர்ல எந்த மெஷின் உள்ள வந்துச்சுன்னு உங்ககிட்ட பதிவு இருக்குமாம். பாத்துச் சொல்ல முடியுங்களா?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"என் பொண்ணு. ஆஸ்பத்திரியில இதே வேலை."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டினார். ஒரு போனாம். இருநூற்றுப் பதின்மூன்று தடவை வந்திருக்கிறதாம். யாருடையது என்பதையும் வாசித்தார். கிளார்க்கின் பேனா நின்றுவிட்டது. துணைப் பதிவாளருக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டே, "ம், எழுதுங்க, எழுதுங்க" என்று கையை ஆட்டினார். கிளார்க் எழுதினார்.

எழுதி முடித்ததும் தாளை நீட்டினார். துணைப் பதிவாளர் பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார். அடுத்து தாள் என்னிடம் வந்தது. கூடவே மைப்பெட்டியையும் திறந்து தள்ளினார் கிளார்க். எத்தனையோ வருஷம் அதில்தான் என் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறேன். விரல் தானாக நீண்டுவிட்டது கடுகு. பாதி வழியில் இழுத்துக்கொண்டேன்.

"படிச்சிட்டுப் போடறேன்" என்றேன்.

"அதெல்லாம் நீங்க சொன்னதுதான் பெரியவரே."

"இருக்கட்டும்."

ஒன்றேகால் பக்கம். நாற்பது நிமிஷம் ஆனது. துணைப் பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார், குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தார். குளிர்கோட்டு ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் போட்டிருந்தேன். இரண்டாவது பக்கத்தில், கருவி எது என்று கண்டறிய இயலவில்லை என்று எழுதியிருந்தது. ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தேன். என் கண் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"சார், மேடம் சொன்னது இதுல இல்லைங்களே."

தலைவி அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் துணைப் பதிவாளரிடம் காட்டினார். அவர் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளார்க்கிடம், "திருப்பி எழுதுங்க. உங்க பேரையும் போட்டு எழுதுங்க" என்றார். கிளார்க் எழுதினார். என்ன சொன்னாலும் எழுத்து அழகுதான் அவருக்கு. ஒரு சுழி கெடவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை.

தலைவி அம்மா தன் கம்ப்யூட்டரிலேயே என் கணக்கைத் திறந்து, என்னையே புதிய பாஸ்வேர்டு வைக்கச் செய்தார். பிறகு சேர்க்கச் சொன்னார்கள்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நானே அடிச்சிடறேன். சாப்பாட்டு நேரம் ஆகுது" என்றார் துணைப் பதிவாளர்.

"சொல்லக் கூடாதுங்க சார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டார்கள். மூன்று பேரும் ஃப்ரீசர் கதவைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் பூட்டுப் படம் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். பெயரை முழுதாக எழுதினேன். புதிய பாஸ்வேர்டை ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன். முதல் தடவை தவறு என்றது. நீ சொன்ன இடத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி எழுதினேன். அடையாள அட்டை வந்தது. அதைக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுச் சம்மதம் கொடுத்தேன்.

இணைந்தது என்று வந்தது. ஒரே ஒரு சொல். நான் சத்தமாகப் படித்தேன். பதினொரு ஃப்ரீசரின் டிகிரியும் வரிசையாகத் திரையில் வந்தது. ஒன்றரை மாதமாக உயிரில்லாமல் கிடந்த கம்ப்யூட்டர், என் கையால்.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

நேற்று ஆணை வந்தது. கிளார்க்கை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனக்கு, பாஸ்வேர்டைப் பிறர் அறிய வெளியிட்டது விதிமீறல், ஆகவே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, மார்ச் 31க்குள் அறையை ஒப்படைக்க வேண்டும். தலைவி அம்மா எனக்காகப் பேசியிருக்கிறார். விதியில் கம்ப்யூட்டரைச் சேர்த்தவர், சேர்க்காதவர் என்ற வித்தியாசம் இல்லையாம். நாலு தடவை படித்தேன். எங்கேயாவது ஒரு சொல் வேறு மாதிரி இருக்குமோ என்று தேடினேன். இல்லை.

முதல் தேதியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்ததும் கம்ப்யூட்டர் அறுந்துவிடும், அடுத்து வருகிறவர் ஆரம்பத்திலிருந்து சேர்க்க வேண்டும் என்று கவுன்ட்டர் பெண் சொன்னது. "அவருக்கு வெப்சைட்டைப் பாருங்கன்னு சொல்லாதம்மா" என்றேன். பாவம், அழுதுவிட்டது.

நான் உன்னிடம் இடம் கேட்டு இதை எழுதவில்லை. நீ கிழித்ததைச் சொன்னதே எனக்குப் பெரிது. தொழிற்சங்க அறையில் ஒரு வாரம் படுத்துக்கொள்ளலாம் என்று தோட்டக்காரர் சொல்கிறார். அதற்குப் பிறகு என்ன என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பா


மார்ச் 20

அப்பா,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் படித்தேன். மூன்று பேரும் ஃப்ரீசரைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன்.

நான் இருப்பது ஒரே அறை. சமையல் மேடை அதிலேயே ஒரு மூலை. கட்டில் ஒன்றுதான், நீங்கள் அதில் படுங்கள், எனக்குத் தரை பழக்கம். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவேன். ஃப்ரீசர் சத்தத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது, அது போடும் சத்தம் பதினொன்றுக்குச் சமம். அக்கம்பக்கத்தில் யாருக்கும் என் கதை தெரியாது. தெரியவும் கூடாது. நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆன பிறகு கூப்பிடலாம் என்று காத்திருந்தால் முப்பத்தொன்றாம் தேதி போய்விடும்.

31ஆம் தேதி காலை பஸ்ஸில் ஏறினால் மூன்று மணிக்கு இங்கே இறங்குவீர்கள். நான் வேலையில் இருப்பேன், வந்து நிற்க முடியாது. நிலையத்திலிருந்து நேராக நடந்து, கண்ணாடிக் கடைக்கு அடுத்த கட்டடம், மூன்றாவது மாடி. தெருக் கதவுக்குச் சாவி கிடையாது. எண் அமுக்க வேண்டும். அந்த எண்ணை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எழுதவே கூடாது என்று உங்களைத் திட்டியவள்தான் எழுதுகிறேன்.

கடுகு


மார்ச் 26

அன்புள்ள கடுகுக்கு,

பின்பக்கத்தைப் படித்தேன், எண் மனதில் நின்றுவிட்டது. அந்தத் துண்டை மட்டும் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, கூழான பிறகு கொட்டிவிட்டேன். தோட்டக்காரர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். கை கழுவுகிறேன் என்றேன். மிச்சக் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது.

பெட்டி கட்டிவிட்டேன். ஒரு பெட்டி, ஒரு பை, மூன்று நோட்டுப் புத்தகம். குளிர்கோட்டை ஸ்டோரில் ஒப்படைத்தேன். அங்கே இப்போது புதிய ஆள். ரசீது எழுதித் தந்தார். தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார், சொல்லித் திருத்தச் சொன்னேன்.

இன்னும் ஐந்து நாள் டிகிரி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வருகிறேன்.

தபால்பெட்டிக்குப் போக இன்று நேரம் இல்லை, நாளையும் இல்லை. ஆகவே இது உன் கைக்கு வருவதற்குள் நானே வந்துவிடுவேன். பிறகு எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். தபால்காரர் கொண்டுவந்தால் நீ பிரிக்காதே. நாலு மணிக்கு நீ வந்து உட்கார்ந்ததும், கதவைச் சாத்திவிட்டு, நானே உனக்குப் படித்துக்காட்டுகிறேன்.

உன் அப்பா